அம்மா கல்யாணத்துக்குப் போன நாள்

பெரியம்மா மகளின் கல்யாணத்தில் அம்மா முகம் காட்டவில்லை என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் இருக்கும், கொஞ்சம் குறையும் இருக்கும். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அன்று காலையில் அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, கல்யாணம் நடந்த தெல்தெனியவுக்குப் போகவென்று படியிறங்கியதைப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் வத்தேகமவில் பஸ் நிலையத்துக்கு மேலே, படியேறிப் போகிற ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. தம்பிக்கு ஐந்து வயது. பிறந்தபோது அவன் அழவில்லை, மூச்சு வரத் தாமதமாகிவிட்டது என்று சொல்வார்கள். அவனுக்குக் கழுத்து நிற்காது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிவான். கையும் காலும் அவன் பேச்சைக் கேட்காமல் தம்பாட்டுக்கு விறைத்துக்கொள்ளும். வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆமாம் என்றால் கண்களை மேலே தூக்குவான். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வான். கீழே கண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற கொண்டக்டர் "நுவர, நுவர, நுவர" என்று கத்தினால் உடம்பு முழுவதும் குலுங்கச் சிரிப்பான். கண்டிக்குச் சிங்களத்தில் சொல்கிற அந்தப் பெயரில் அவனுக்கு என்ன வேடிக்கையோ, எங்கள் யாருக்கும் தெரியாது.

அவனுக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் வீட்டில் பெரிய வேலை. சோற்றைக் குழைய வேகவைத்து, பருப்பும் பூசணிக்காயும் சேர்த்து மசித்து, அவனை மடியில் சாய்த்து, தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சின்னக் கரண்டியில் கொஞ்சங் கொஞ்சமாக உதட்டோரம் வைக்க வேண்டும். அவன் விழுங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு தடவை அப்படிப் புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்தான். அதற்குப் பிறகு அம்மா கிண்ணத்தை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. அப்பா கையில்கூட இல்லை. இரவில் அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவன் முனகும்போதெல்லாம் அம்மா எழுந்து திருப்பிப் படுக்கவைப்பாள். நான் அதைப் பாதித் தூக்கத்தில் கேட்பேன், திரும்பவும் தூங்கிவிடுவேன்.

கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கை கால்களை நீட்டி மடக்கிப் பழக்குகிற கிளினிக் அது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அங்கே இருந்த மிஸ் நல்லவர். ஆனால் சிங்களத்தில்தான் பேசுவார். அம்மாவின் சிங்களம் மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான் போதும். மிஸ் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, என்ன சொன்னார் என்று தெரியாமல் முழிப்பாள். அப்படி முழித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தலய பின்னுக்குச் சாய்ச்சிக் குடுக்க வாணாம், கொஞ்சம் முன்னுக்குக் குனிஞ்ச மாதிரி வைக்கச் செல்றாங்க. அப்பதான் தொண்டைக்குள்ள சரியாப் போகும்" என்றார்.

அவர் மடவளையிலிருந்து வருகிறவர். அவருடைய மகள் நஸ்ராவுக்கும் தம்பியைப் போலத்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வீல்செயாரில் இருப்பாள். ஆனால் அவளுக்குப் பேச்சு வரும். ஒவ்வொரு சொல்லாக, நிறைய நேரம் எடுத்து வரும். அம்மா அந்தப் பெண்ணைத் தாத்தா என்று கூப்பிடத் தொடங்கியபோது நான் குழம்பிப் போனேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மீசையில்லாத ஒருவரைத் தாத்தா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ன மாமின்டு கூப்புடு மகள்" என்று அவரே தீர்த்துவைத்தார். எங்கள் வீட்டில் அவர் பெயர் கிளினிக் மாமி ஆனது.

கல்யாணத்துக்குச் சொல்லப் பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்தார். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். தம்பி பிறந்த பிறகு அம்மா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, எதற்கும் இல்லை. "பெரிய எடத்துப் பொம்பள மாதிரி நடந்துக்கிறா" என்று யாரோ சொன்னதையும் பெரியம்மாவே வந்து சொன்னார்.

"புள்ளையையுந் தூக்கிக்கிட்டு வா. யாரு வேணாங்குறது?"

"மேளச் சத்தங் கேட்டா ஒடம்பு வெறச்சுக்கும்க்கா. போன வருசம் கோயில்ல என்னா ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏந்தங்கச்சி இல்லாம எம்மகளுக்குத் தாலி கட்டணுமா?"

பெரியம்மா போன பிறகு அம்மா வெற்றிலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்லிக் கண் கலங்கினாள். கிளினிக் மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க கலியாணத்துக்குப் போங்க. புள்ளய நான் பார்க்கிறேன்" என்றார், ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதைப் போல.

அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியாத வேலையா தங்கச்சி? பதினொரு வருஷமா இந்த வேலதானே செய்றேன்."

"ஒங்களுக்குத் தெரியும் தாத்தா. அவன்தான் வேற கையில வாங்க மாட்டான்."

"பழக்குவோம். இன்னும் நாள் ஈக்கிதானே."

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. மாமி நஸ்ராவையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். த்ரீவீல்காரர் நஸ்ராவைத் தூக்கிவர, நானும் மாமியும் வீல்செயாரை மடக்கிப் படியேற்றுவோம். முதல் நாள் மாமி தம்பியைத் தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த தடவை அம்மாவின் மடியிலிருந்து தன் மடிக்கு மாற்றினார். அதற்கடுத்த தடவை கரண்டியைப் பிடித்தார். தம்பி உதட்டை இறுக்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு முந்தின கிழமை அவர் கையால் ஒரு வாய் வாங்கினான், அதையும் துப்பினான். "ஒரு வாய் வந்திட்டுத்தானே" என்றார் மாமி. அம்மாவுக்கு அந்த நிதானம் இல்லை. போகவில்லை என்று சொல்வதும், சேலையை எடுத்து வெயிலில் போடுவதுமாக இருந்தாள்.

அப்பா கல்யாண வேலைக்கென்று முதல் நாளே தெல்தெனியவுக்குப் போய்விட்டார். நான் அம்மாவோடு போவதாகத்தான் இருந்தது. எனக்குப் புதுச் சட்டையும் தைத்திருந்தார்கள். ஆனால் தம்பி கண்ணைத் தூக்கினால் என்ன, நாக்கை நீட்டினால் என்ன என்று அம்மாவுக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். ஒருவராவது தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாமி சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கூடவே, நான் இல்லாமல் காரியம் நடக்காது என்பதில் ஒரு பெருமையும் வந்தது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீட்டில் இருந்தேன்.

அன்று காலையில் அம்மா கிளம்பவே மாட்டாள் போலிருந்தது. வாசல் வரை போவாள், திரும்பி வருவாள்.

"தண்ணிய கரண்டியிலதான் குடுக்கணும் தாத்தா. கப்புல வேணாம்."

"தெரியும்."

"இருமினா உடனே முன்னுக்குச் சாச்சு முதுகத் தடவணும்."

"தெரியும் தங்கச்சி. போனத் தாங்க."

அம்மா எதற்கென்று தெரியாமல் போனைக் கொடுத்தாள். மாமி அதன் சத்தத்தை அணைத்து, அம்மாவின் கைப்பைக்குள் போட்டு மூடினார். "ஏதும் அவசரமின்டா நான் ஒங்கட மாப்புளக்கி எடுக்கிறேன். நீங்க இத நோண்டிக் கொண்டிருந்தா கலியாணம் பார்க்க ஏலாது." மாப்புள என்று அவர் சொன்னது அப்பாவை.

அம்மா தம்பியின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவன் சேலையின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படியிறங்கி மறைந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. அழுதான். உடம்பு வில்லாக வளைந்தது. மாமி அவனைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்து, மெல்ல ஆட்டினார். எதுவும் பாடவில்லை. சும்மா, "ஓ, ஓ, கோபம்தான், கோபம்தான்" என்று ஒத்துப்பேசிக்கொண்டிருந்தார். அழுகை தேய்ந்து விம்மலாகி நின்றது.

சாப்பாட்டு நேரம்தான் எனக்குப் பயம். மாமி கரண்டியை உதட்டோரம் கொண்டுபோனார். அவன் இறுக்கிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கொண்டுபோனார். அதே இறுக்கம். என்னிடம் ஒரு வித்தை இருந்தது. கையை ஆட்டி, கொண்டக்டர் குரலில் "நுவர, நுவர, நுவர" என்றேன். தம்பி வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தான். நான் வெற்றியோடு மாமியைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

"சிரிக்கக்குள்ள குடுக்கப்படாது மகள். அப்பதான் புரையேறும். நல்லாச் சிரிக்கட்டும். சோறு எங்கயும் போகாது."

அவன் சிரித்து முடித்தான். வாயை மூடிக்கொண்டான். சோறு ஆறியது.

மாமி அவனை விட்டுவிட்டு நஸ்ராவின் வீல்செயாரை இழுத்து அவனுக்கு நேரே நிறுத்தினார். நஸ்ராவுக்கும் சாப்பிடும் நேரம். அவளுக்கும் மசித்த சோறுதான், அவளுக்கும் கழுத்தைத் தாங்கி, உதட்டோரம் வைத்து, காத்திருந்துதான் கொடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துவாயைக் கட்டிவிட்டு மாமி அவளுக்கு ஊட்டத் தொடங்கினார். அவள் விழுங்கும்போது தோள் ஒருமுறை எழும்பி இறங்கியது. கொஞ்சம் சோறு மோவாயில் வழிந்தது, மாமி துடைத்தார்.

தம்பி பார்த்தான். நாங்கள் எல்லாரும் அவன் முன்னால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறோம், அவன் அப்படிப் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிடுவது வேறு, அவன் சாப்பிடுவது வேறு. தன்னைப் போலச் சாப்பிடுகிற ஒருவரை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான் என்று நினைக்கிறேன். நஸ்ரா வாயைத் திறந்தாள். அவனுடைய வாயும் கொஞ்சம் திறந்தது. அவள் மூடினாள், அவனும் மூடினான். நஸ்ராவுக்கு அது விளங்கிவிட்டது. அவள் வேண்டுமென்றே வாயைப் பெரிதாகத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டாள். அவனும் திறந்தான். மாமி அசையாத முகத்தோடு தம்பியின் தலையைத் தாங்கி, கரண்டியை வைத்தார். அவன் விழுங்கினான். நான் மூச்சை விட்டேன்.

"நான்… தான்… குடுத்த" என்றாள் நஸ்ரா.

"நீதான் மகள்" என்றார் மாமி.

அவளுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய் என்று கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தபோது மாமியின் போன் அடித்தது. அவர் கை இரண்டும் வேலையாக இருந்ததால், அதை எடுத்து லவுட்ஸ்பீக்கரில் போடும்படி என்னிடம் சொன்னார். அப்பா பேசினார். பின்னால் மேளம் கேட்டது.

"தாத்தா, தாலி கட்டி முடிஞ்சிருச்சு. இவளக் காணோமே. கெளம்பலையா?"

மாமியின் கை நின்றது. "காலையிலயே போனாங்களே."

"போன் எடுக்க மாட்டேங்குறா."

"நான்தான் சத்தத்த அமத்தினேன்" என்றார் மாமி. அவர் குரல் சிறுத்துப் போனதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மண்டபத்துக்கு வழி தெரியாது என்பதால் அம்மா முதலில் பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேனில் வருவதாக ஏற்பாடு. ஆட்களை ஏற்றிவந்த வேன்காரரிடம் கேட்டால், கடைசி நடைக்குப் போய் ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், யாரும் வரவில்லை, வந்துவிட்டேன் என்கிறாராம். அப்பா, பெரியம்மா வீட்டுக்கே போய்ப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடந்த நேரம் மிக நீளமானது. நான் படியில் போய் நின்று கீழே வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். உள்ளே மாமி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. தம்பிக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்தார். தம்பி கிண்ணத்தை முடித்தான்.

போன் திரும்ப அடித்தது. அப்பா ரகசியம் பேசுகிற குரலில் பேசினார்.

"இங்கதான் இருக்கா தாத்தா. தூங்குறா."

"என்ன?"

"வேன் வர்ற வரைக்கும் ரூம்புல ஒக்காரச் சொல்லியிருக்காங்க. கட்டில்ல ஒக்காந்தவ அப்படியே சாஞ்சிருக்கா. செருப்புக்கூட கழட்டல. பக்கத்துல போயி நின்னேன், தெரியல. எழுப்பவா? இப்ப எழுப்பினாலும் பந்திக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

மாமி தம்பியின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, "எழுப்பாதீங்க" என்றார். "செருப்ப மட்டும் கழட்டி உடுங்க. கதவச் சாத்திட்டு வாசல்ல இருங்க. ஆரையும் உள்ளுக்குப் போக உடாதீங்க."

"சரி" என்றார் அப்பா.

போனை வைத்ததும் மாமி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணத்துக்குப் போய்த் தூங்குவது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கண் நனைந்திருப்பதைப் பார்த்தேன். தன்னால் அம்மாவின் கல்யாணச் சாப்பாடு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்ல மாமி, அம்மாவுக்குப் பாயாசம் அவ்வளவு புடிக்காது" என்று ஆறுதல் சொன்னேன்.

மண்டபத்திலிருந்து எல்லாரும் திரும்பிவந்தபோதும் அப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். பெரியம்மா, கூடப்பிறந்தவள் வரவில்லை என்ற கோபத்தோடு வந்தவர், அறைக்குள் போகப் பார்த்திருக்கிறார். "கொஞ்சம் இருங்க மதினி" என்று அப்பா கையை நீட்டி மறித்திருக்கிறார். யாரிடமும் எதிர்த்துப் பேசாத மனிதர் அவர். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குள் வருகிற நேரத்தில் அறைக்குக் காவல் இருந்தார் என்று இன்றும் சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பது அதைத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். அம்மாவின் சேலை கசங்கி, தலைப்பூ ஒரு பக்கம் நசுங்கி, கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. வந்தவள் நேரே தம்பியிடம் போனாள். அவன் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள்.

"சாப்புட்டானா?"

"அவன்ட்ட கேளுங்க" என்றார் மாமி.

தம்பி கண்களை மேலே தூக்கினான், ஆமாம். அம்மா திரும்பவும் கேட்டாள். திரும்பவும் தூக்கினான். அம்மா தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். "ஒரு நிமிசம் கண்ண மூடுவோம்னுதான் நெனச்சேன் தாத்தா. முழிச்சுப் பாத்தா எனக்கு எந்த ஊருன்னே தெரியல. அக்கா மூஞ்சியப் பாக்கவே வெக்கமாப் போச்சு."

"அக்கா ஏதும் சொன்னாங்களா?"

"ஏசினா. அப்புறம் தலயில கைய வச்சுப் பாத்தா. சோறு போட்டு, சாப்புட்டு முடியிற வரைக்கும் பக்கத்திலயே ஒக்காந்திருந்தா."

மாமி தலையாட்டினார். நஸ்ரா, தான்தான் தம்பிக்குச் சோறு கொடுத்ததாக அம்மாவிடம் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க நிறைய நேரமாயிற்று. அம்மா குறுக்கே பேசாமல், கடைசிச் சொல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் ஒரு நாள் நாங்கள் தம்பியை மடவளைக்குக் கொண்டுபோய் விடுவோம், அடுத்த மாதம் நஸ்ரா எங்கள் வீட்டுக்கு வருவாள். பிறகு மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தாயும் அதில் சேர்ந்தார். வருஷக்கணக்கில் அது நடந்தது. தம்பி இப்போது படுத்திருக்கும்போது அளந்தால் என்னைவிட நீளம். மாமி வந்தால் கரண்டியைப் பார்க்கும் முன்பே வாயைத் திறப்பான்.

மாமி நஸ்ராவை விட்டுவிட்டு வெளியே போகிற முறை முதன்முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல சேலை உடுத்தி, அத்தர் மணக்க வந்திருந்தார். நஸ்ராவை அம்மாவிடம் விட்டு, கல்யாணத்தன்று காலையில் அம்மா சொன்னதைப் போலவே அதையும் இதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் "தெரியும், தெரியும்" என்று சொல்லி அனுப்பினாள். மாமி வாசலைத் தாண்டி, முதல் படியில் போய் நின்றுவிட்டார். நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீல்செயாரைத் தள்ளாமல், பிள்ளையைத் தூக்காமல், மருந்துப் பை இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. இரண்டு கைகளையும் முன்னால் கோத்தார். பிறகு பிரித்துத் தொங்கவிட்டார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு, திரும்பவும் கோத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி அந்தக் கைகளையே ஒருமுறை குனிந்து பார்த்தார்.

ஏதோ ஒரு சாமானை உள்ளே மறந்து வைத்துவிட்டார், என்னவென்று ஞாபகம் வராமல் நிற்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடி, கண்ணில் பட்ட எங்கள் வீட்டுக் குடையை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மாமி என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.